ஊற்றியவன் கை

ஸர்க்கா
பிப்ரவரி 9

அபூ மிஷால் சாச்சாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இந்தக் கடிதத்தை ஷேக் ஃபவாஸ் உங்களுக்குப் படித்துக் காட்டுவார். நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் பிணை நிற்கிறவர் அவர்தான், அதனால் உறையை ஒட்டவில்லை. போனில் பேசக் கூடாது என்பது, பழி வாங்காமல் இருக்க நீங்கள் கொடுத்த தவணையின் நிபந்தனை. கடிதம் எழுதலாமா என்று கேட்டேன். "எழுது. ஆனா மொதல்ல உங்க வீட்டுக் குத்தத்த எழுது, அப்புறம் மத்ததப் பேசு" என்றார். எழுதுகிறேன்.

என் அண்ணன் ஹம்ஸா ஓட்டிய பிக்கப் வண்டி, சாலையோரம் நடந்து வந்த உங்கள் மகன் மிஷால் மேல் ஏறியது. ஹம்ஸா நிறுத்தவில்லை. கரக் போலீஸ் வாசலில் போய்த்தான் நிறுத்தினான். பயந்துவிட்டேன் என்கிறான். பயந்தவனுக்கும் பிரேக் எங்கே இருக்கிறது என்று தெரியும். அவனுக்காக நான் வாதாட வரவில்லை, அவன் சிறையில் இருக்கிறான். நாங்கள் வழக்கப்படி வீட்டைப் பூட்டிவிட்டு ஐன் ஸுமைராவை விட்டு இங்கே வந்துவிட்டோம். நீங்கள் சமாதானம் என்று சொல்லும்வரை எங்கள் காலும் எங்கள் மையத்தும் அந்த மண்ணில் படக்கூடாது. அதுவும் சரிதான்.

நான் எழுத வந்தது அந்தக் கோப்பையைப் பற்றி.

அத்தாவுக்கு நுரையீரல் முடிந்துவிட்டது. டாக்டர் மருந்துச் சீட்டு எழுதுவதையே நிறுத்திவிட்டார். "என் வீட்ல கண்ண மூடணும். உங்கம்மா பக்கத்துல கெடக்கணும். அத நானே அபூ மிஷால் முன்னாடி உக்காந்து என் வாயால கேக்கணும்" என்று பிடிவாதம் பிடித்தார். ஊருக்குள் வர முடியாத மனிதரை உங்கள் முன்னால் எப்படி உட்கார வைப்பது? என் தொழிலே அதுதானே. டெட்ராய்ட்டில் ஒருவன், துபாயில் ஒருவன், சாவ் பாவ்லோவில் ஒருவன், எல்லாரும் ஹெட்செட்டை மாட்டினால் ஒரே பாயில் உட்கார்ந்து சீட்டு விளையாடுவார்கள். அப்படி ஒரு கூடாரத்தை உங்களுக்காகக் கட்டினேன். ஷேக்கும் யோசித்துப் பார்த்து, "அது எந்த ஊர் மண்ணும் இல்ல. அதனால யாரும் எதையும் மிதிக்கல" என்று ஒப்புக்கொண்டார். நீங்களும் வந்தீர்கள். அதற்கு நான் சாகும்வரை நன்றி சொல்வேன்.

கூடாரத்துக்குள் அத்தா காபியை வாங்கி, குடிக்காமல் முன்னால் வைத்தார். கேட்டதைக் கொடுத்து நீங்கள் "குடி" என்று சொல்லும்வரை அது நிறைந்தே இருக்க வேண்டும். ஆனால் காலியானது. "குடிச்சுட்டான்! நான் குடுக்குறதுக்கு முன்னாடி இவனா எடுத்துக்கிட்டான்!" என்று சொல்லி ஹெட்செட்டைக் கழற்றிவிட்டீர்கள்.

அத்தா குடிக்கவில்லை, சாச்சா. அறையே காலி செய்தது. விளையாட வருகிறவர்கள் கோப்பையை எடுத்து ஒருவர் தலையில் ஒருவர் எறிவார்கள். நாற்பது பேர் இருந்தால் நூறு கோப்பை உருளும். ஒவ்வொன்றும் எங்கே கிடக்கிறது என்று எல்லார் கண்ணுக்கும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தால் அறை திணறி நின்றுவிடும். அதனால் கொஞ்ச நேரம் யார் கையும் படாத கோப்பையைக் காலி செய்து ஒதுக்கிவிடும்படி எழுதியிருந்தேன். வேறு எந்த ஊர்க்காரன் எழுதியிருந்தாலும் பரவாயில்லை. காபியைத் தொடாமல் வைத்துக் காத்திருக்கிற ஊரில் பிறந்தவன் நான்.

இன்னொரு முறை உட்காருங்கள். தவணை இந்த மாதக் கடைசியில் முடிகிறது. அத்தாவின் தவணை அதற்கு முன்பே முடிந்துவிடும் போலிருக்கிறது.

லுவை


ஐன் ஸுமைரா
பிப்ரவரி 14

லுவைக்கு.

நான் சொல்றேன், ஷதா எழுதுறா. சொல்றத அப்படியே எழுதணும்னு சொல்லியிருக்கேன். காலேஜுக்குப் போற பொண்ணு, அப்பன் பேச்ச நடுநடுவுல அழகு பண்ணிடுவா.

(அழகு பண்ணவில்லை. ஷதா.)

வ அலைக்குமுஸ்ஸலாம். ஸலாம் சொன்னவன் எவனா இருந்தாலும் பதில் சொல்லணும், அதனால சொல்றேன்.

உன் கடுதாசி வந்தப்போ ஆட்டுக்குத் தவிடு கலக்கிட்டிருந்தேன். மழ வேற. ஷேக் ஃபவாஸ் கண்ணாடி மேல அவர் பேரன் ஏறி உக்காந்து ஒடச்சுட்டானாம், அதனால பொண்டாட்டி கண்ணாடிய மாட்டிக்கிட்டு வந்திருக்கார். செவப்புச் சட்டம், ஓரத்துல பூ. அந்தப் பூக்கண்ணாடியோட, தொண்டையக் கனைச்சுக்கிட்டு, "உங்கள் மகன் மேல் ஏறியது"ன்னு படிக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சுடா. நெசமாவே சிரிச்சுட்டேன். மிஷால் போனப்புறம் நான் சிரிச்சது அதுதான் மொதத் தடவ. அப்புறம் மழையில போயி நின்னேன்.

எங்கிட்ட ஒரு கெடா இருந்துச்சே, மர்ஸூக்குன்னு பேரு, உனக்கு ஞாபகம் இருக்கும். உங்கத்தாவையே ஒருக்கா தண்ணித் தொட்டிக்குள்ள முட்டித் தள்ளுச்சு. அவரு நனைஞ்சு எந்திரிச்சு, "அபூ மிஷால், உன் கெடாவுக்குத் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளூ செய்யத் தெரியாது, எனக்குச் செஞ்சு விடுது"ன்னாரு. அப்படி ஆளு அவரு. சரி, அத விடு. அந்தக் கெடா மிஷால் சின்னவனா இருக்கப்ப அவன் மணிக்கட்ட முட்டி ஒடச்சுது. எலும்பு கோணலாச் சேர்ந்துடுச்சு. அவன் அம்மா, அல்லா அவளுக்கு ரஹ்மத் செய்யட்டும், கத்தியத் தூக்கிட்டு வந்துட்டா கெடாவ அறுக்க. அந்தப் பய கட்டுப் போட்ட கையோட குறுக்க நின்னு அழுவுறான். "அதுக்குத் தெரியாதும்மா, தெரியாம முட்டிடுச்சு"ங்கறான். அறுக்க விடல. அது கெழமாகி அதுவாச் செத்துச்சு.

ஏன் சொல்றேன்னா, முட்டிட்டு அது ஓடல, லுவை. அவன் கீழ விழுந்து கெடந்தான்ல, அது பக்கத்துலயே நின்னு முழிச்சுக்கிட்டிருந்துச்சு. ஒரு கெடா நின்னுச்சு. உங்கண்ணன் நிக்கல.

கோப்பைக்கு வருவோம். கோப்பை தானாவே குடிச்சுக்கிச்சுங்கற. கோப்பைக்கு வாய் இருக்குங்கற. உன் கூடாரத்துல ஆட்டு வாட இல்ல, காபி வாசம் இல்ல, ஏலக்கா இல்ல. கண்ணுல மாட்டுன அந்தப் பெட்டி மூக்குல அழுத்துன தழும்பு மட்டும் ரெண்டு நாள் இருந்துச்சு, பள்ளிவாசல்ல எல்லாரும் "என்ன, ஆடு மிதிச்சுதா"ன்னு கேட்டாங்க. இத நம்பி நான் என்னத்தச் சொல்றது?

ஷதா சொல்றா, உள்ள நடந்தது மொத்தமும் அந்தப் பெட்டிக்கு ஞாபகம் இருக்குமாம். இருந்தா பாரு. உங்கத்தா கை கோப்பையத் தொட்டுச்சா இல்லையா? பாத்துட்டு அல்லாவுக்குப் பயந்து சொல்லு.

அபூ மிஷால்


ஸர்க்கா
பிப்ரவரி 17

சாச்சா,

ஷதா சொன்னது உண்மை. பிழை கண்டுபிடிக்க வசதியாக, அறைக்குள் ஒவ்வொரு கையும் தலையும் போன இடத்தைப் பதிந்துவைக்கும் கருவி ஒன்றும் என் வேலையில் உண்டு. மற்ற விளையாட்டு நிறுவனங்களும் அந்தக் கருவியையும் உருவங்களையும் என்னிடம்தான் வாங்குகின்றன. நம் கூட்டத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தேன்.

அத்தாவின் கை கோப்பையை வைத்த பிறகு முழங்காலை விட்டு எழவே இல்லை. கடைசிவரை அங்கேயே இருந்தது. அல்லாஹ் மேல் ஆணை.

ஆனால் இன்னொன்றையும் பார்த்தேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் கை எழுந்தது. கோப்பை காலியாவதற்குச் சற்று முன்பு. வலது கை, உள்ளங்கை விரிந்து, நீங்கள் முன்னால் சாய்ந்து, அத்தாவின் கோப்பை இருந்த பக்கம் நீட்டினீர்கள். நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். முன்னால் இருந்து, பின்னால் இருந்து, மேலிருந்து பார்த்தேன். உங்கள் கையைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. அது "குடி" என்று சொல்லப் போகிற கை, சாச்சா. அந்த நேரத்தில்தான் என் பாழாய்ப்போன அறை கோப்பையைக் காலி செய்துவிட்டது.

நீங்கள் ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள். வாயால் சொல்வது மட்டும்தான் மிச்சம்.

அத்தாவிடம் சொன்னேன். "அவன் கை எந்திரிச்சுச்சா? நெசமாவா?" என்று கேட்டார். மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடியும் சொல்லச் சொன்னார். மூச்சு வாங்கிக்கொண்டு, "அப்ப என் செருப்பத் தொடச்சு வை" என்றார். செருப்பைத் துடைத்து வாசலில் வைத்திருக்கிறேன். அவரால் எழுந்து உட்கார முடியவில்லை.

லுவை


ஐன் ஸுமைரா
பிப்ரவரி 20

லுவை,

என் கைய மேல கீழ பாக்கச் சொல்லி உன்ன யாருடா கேட்டது? உங்கத்தா கையப் பாருன்னேன். என் கைய எதுக்குத் திருப்பித் திருப்பிப் பாத்த? சந்தையில ஆட்டுக்குப் பல்லு பாக்குற மாதிரி?

ஷேக் படிக்கப் படிக்க ஷதா அழுதுட்டா. அவளும் நீ நெனச்சதத்தான் நெனச்சா. "அத்தா, நீங்க மன்னிச்சுட்டீங்களா"ன்னு கேக்குறா.

கேட்டுக்க. என் கை எந்திரிச்சது நெசம். அது உங்கத்தாவுக்கும் எந்திரிக்கல, அவர் கோப்பைக்கும் எந்திரிக்கல. ஊத்துனானே, அவனுக்கு.

உன் கூடாரத்துல ஒருத்தன வச்சிருந்தியே, வெள்ள அங்கி போட்டுக்கிட்டு, மூஞ்சி அவிச்ச முட்ட மாதிரி. வரும்போது நான் கவனிக்கக்கூட இல்ல. உங்கத்தாவுக்கு ஊத்திட்டு எங்கிட்ட வந்தான். கூஜாவத் தூக்குனான். தூக்குனதும் முழங்கை வெளிய போச்சு, கோழி றெக்கையத் தூக்குற மாதிரி. கோணல் மணிக்கட்டு மடங்காதுல்ல, அதுக்கு முழங்கையத் தூக்கித்தான் ஊத்தணும். உலகத்துல அப்படி ஊத்துறவன் ஒருத்தன்தான். விருந்தாளி வந்தா, "டேய், ஊத்துறியா பறக்கப் போறியா"ன்னு அவன வம்புக்கு இழுப்பேன்.

தொட்டுடலாம்னு கைய நீட்டுனேன். வெறுங் காத்து.

அப்புறந்தான் உங்கத்தா கோப்பையப் பாத்தேன். காலியா இருந்துச்சு. எனக்கு வந்த கோவம் எதுக்கு வந்துச்சுன்னு எனக்கே தெரியல. கத்திட்டேன்.

போன கோடையில ஒரு நாள் மிஷால் வந்து சொன்னான். "லுவை மாடியில என் கையெல்லாம் பட்டையக் கட்டி, வெறுங் கூஜாவக் குடுத்து ஊத்துன்னாங்க, அத்தா. இல்லாத காபிய இல்லாத ஆளுக்கு ஊத்துனேன், கூலி குடுத்தாங்க. உங்க வீட்ல நெசக் காபி ஊத்துறேன், ஒரு தீனாராச்சும் குடுத்திருக்கீங்களா?" அன்னிக்குச் சிரிச்சோம்.

இப்ப ஷதா சொல்றா, அவன் உன் எல்லா அறையிலயும் ஊத்துறானாம். உங்கிட்ட வாங்குனவன் அறையிலயும் ஊத்துறானாம். பிரேசில்ல எவனோ "ஏய், இங்க ஊத்து"ன்னு என் புள்ளய ஏவுறான். குடிச்ச கோப்பைய அவன் தலையில எறியறான். நீதான எழுதியிருந்த, எறிவாங்கன்னு?

நீங்க ஒரு மிஷாலக் கொன்னீங்க, இன்னொரு மிஷால வேலைக்கு வச்சிருக்கீங்க.

நான் கேக்குறது இதுதான். ஷேக்கிட்டயும் சொல்லிட்டேன். ரத்தக்காசு வேணாம். அவன் எங்கயும் ஊத்தக் கூடாது. உன் அறை, அடுத்தவன் அறை, அன்னிக்கு நடந்தத ஞாபகம் வச்சிருக்குற அந்தக் கருவி, எல்லாத்துலயும் வேரோட பிடுங்கு. பிடுங்கிட்டுச் சொல்லு, உங்கத்தா பத்திப் பேசலாம்.

அபூ மிஷால்

(இதைச் சொல்லி முடித்ததும் என் அத்தா அந்தப் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மாட்டவில்லை. ஷதா.)


ஸர்க்கா
பிப்ரவரி 22

சாச்சா,

செய்துவிட்டேன்.

எனக்கு மறந்தே போயிருந்தது. அன்று எங்கள் உருவங்களுக்கு அசைவைப் பதிந்துகொடுக்க மாடிக்கு ஊர்ப் பையன்கள் எத்தனையோ பேர் வந்தார்கள். ஒருவன் சீட்டுக் கலைத்தான், ஒருவன் கைதட்டினான், மிஷால் ஊற்றினான். அவன் ஊற்றியதுதான் எல்லாருக்கும் பிடித்தது. உயிர் இருக்கிறது என்றார்கள். பிறகு எந்த உருவம் எதைத் தூக்கினாலும் அந்தக் கையிலிருந்தே செய்துகொண்டோம். அது யார் கை என்று யாரும் கேட்கவில்லை. நானும் நினைத்துப் பார்க்கவில்லை. உங்கள் முன்னால் அவனையே ஊற்ற வைத்திருக்கிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்றே உட்கார்ந்தேன். அந்த அசைவை எடுத்ததும் அறைகள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. ஆட்கள் கையைத் தூக்கியபடி மரம்போல நின்றார்கள். என்னிடம் உருவங்களும் கருவியும் வாங்கியவர்கள் போனில் கத்தினார்கள், பிறகு வக்கீலின் பெயரைச் சொன்னார்கள், இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. என்னோடு முதல் நாளிலிருந்து இருந்த ஸாமிர் என் கையைப் பிடித்துக்கொண்டான். "ஒரு நகலாச்சும் வெச்சுக்கடா, மடையா! யாருக்குத் தெரியப் போவுது?" என்றான். அல்லாஹ்வுக்குத் தெரியும் என்றேன். மேஜையில் சாவியை வைத்துவிட்டுப் போய்விட்டான்.

சேமித்து வைத்த இடங்கள் எல்லாவற்றிலும் அழித்துவிட்டேன். நம் கூட்டத்தின் பதிவையும் அழித்துவிட்டேன், அதிலும் அவன் இருந்தான். நகல் இல்லை. எங்கும் இல்லை. நீங்கள் நேரில் பார்த்து உறுதி செய்துகொள்ள உங்கள் கூடாரம் ஒன்றை மட்டும் நிற்க வைத்திருக்கிறேன். மாட்டிப் பாருங்கள், உள்ளே யாரும் ஊற்ற மாட்டார்கள்.

எனக்கு இனி நிறுவனம் இல்லை. அதற்காக எழுதவில்லை. அத்தாவுக்கு நேற்றிலிருந்து பேச்சு வரவில்லை. கண் மட்டும் வாசலில் இருக்கிற செருப்பைப் பார்க்கிறது. ஒரு வார்த்தை சொல்லுங்கள், சாச்சா. ஷேக்கின் பையன் காரை எடுத்துக்கொண்டு தயாராக நிற்கிறான். ஒரே ஒரு வார்த்தை.

லுவை


ஐன் ஸுமைரா
பிப்ரவரி 25

லுவை, மகனே,

ஷதா, "மகனே"ன்னு நான்தான் சொன்னேன், எழுது.

எங்க பெரியப்பாரு காலத்துல ஒரு சமாதானக் கூட்டம். தலால்னு ஒருத்தன், அவன் கால ஒடச்சுட்டாங்க. ஒடச்சவங்க கூட்டமா வந்து காபிய வச்சுட்டு உக்காந்தாங்க. தலால் அப்பன் எந்திரிச்சு, நாப்பது ஒட்டகம் வேணும், என் மகன் எடைக்குத் தங்கம் வேணும், அந்த மலை வேணும்னு கேட்டான். மலைய! வந்தவங்க ஒருத்தரும் பதறல. ஒரு பெரியவர் எந்திரிச்சு, "அல்லாவுக்காகக் கொஞ்சம் விடு"ன்னாரு. விட்டேன்னான். "ரசூலுக்காக விடு"ன்னாரு. விட்டேன்னான். "இந்தா உக்காந்திருக்குற ஷேக்குக்காக விடு." விட்டேன். "என் நரச்ச தாடிக்காக." விட்டேன். கடைசியில மலையும் போச்சு, தங்கமும் போச்சு, ஒரு ஆடு மிஞ்சுச்சு. அதையும் அறுத்து வந்தவங்களுக்கே விருந்து போட்டான். ஊரே அவன் பேரச் சொல்லுச்சு. மலையளவு கேட்டாத்தானடா விட்டுக் குடுக்க ஏதாச்சும் இருக்கும்?

உனக்கு இது தெரியாதா? நீ இந்த ஊர்ப் புள்ளதான?

நான் காத்துக்கிட்டிருந்தேன். ஷேக் வருவார், "எனக்காக அந்தப் பிரேசில் அறைய விடு"ம்பார், விடுவேன். "உங்க வீட்ல மௌத்தாப் போனவங்களுக்காக இத விடு"ம்பார், விடுவேன். எல்லாத்தையும் விட்டுட்டு, கடைசியா ஒண்ணே ஒண்ணக் கேக்கலாம்னு இருந்தேன். அந்தக் கூடாரத்துல மட்டும் அவன் இருக்கட்டும்னு. நான் அப்பப்போ போயி உக்காந்துக்குறேன்னு. அதத்தான் கேக்கணும்னு இருந்தேன். ஆனா கடுதாசியில யாருடா உக்காந்திருக்கா, "எனக்காக விடு"ன்னு எந்திரிச்சுச் சொல்ல?

முந்தாநாள் மாட்டிப் பாத்தேன். கூடாரம் இருக்கு. கூஜா தரையில இருக்கு. நான் உக்காந்தேன். ரொம்ப நேரம் உக்காந்தேன். ஷதா வந்து கழட்டி விட்டா.

நீ கேட்டபடி செஞ்ச, மலையக் கேட்டவன்கிட்ட மலையப் பேத்துக் கொண்டாந்து குடுத்துட்ட. உன்ன நான் என்னன்னு திட்டுறது? நான் கேட்டத நீ குடுத்தாச்சு. அதனால என் வார்த்தையும் வார்த்தைதான். ஷேக் முன்னாடி சொல்லிட்டேன், எல்லாருக்கும் தெரியும். வழி தெறந்தாச்சு. உங்கத்தாவக் கொண்டு வா. உசுரோட இருந்தா கட்டிலோட கொண்டு வா, இல்லாட்டி மையத்தாக் கொண்டு வா. உங்கம்மா பக்கத்துல எடம் இருக்கு, நேத்து நானே போயி முள்ளு வெட்டிட்டு வந்தேன். ஹம்ஸா மட்டும் என் கண்ணுல படக் கூடாது. அத எந்த ஷேக் வந்து கேட்டாலும் விட மாட்டேன்.

இப்ப நான் உங்கிட்ட ஒண்ணு கேக்குறேன். இது மலை இல்ல, இதக் கொறைக்காத.

அந்தக் கூட்டத்துல என் கைய எத்தன தடவ திருப்பிப் பாத்த! முன்னாடி, பின்னாடி, மேலருந்துன்னு எழுதியிருந்தியே. அவனும் அங்கதான நின்னான், கூஜாவோட? அழியறதுக்கு முன்னாடி அவனக் கடைசியாப் பாத்த ஆளு நீதான். எனக்கு முழங்கை ஞாபகம் இருக்கு. மணிக்கட்டு ஞாபகம் வரல. எத்தன வருசம் கண்ணு முன்னாடி ஊத்துனான், வம்பிழுத்தேனே தவிர உத்துப் பாக்கல. ஷதாவக் கேட்டேன், அவளுக்கும் வரல. அடக்கம் முடிஞ்சு வீட்டுக்கு வா. நெசக் கூஜா, நெசக் காபி, ஏலக்கா போட்டு வைக்கச் சொல்றேன். நீ அவன மாதிரி ஊத்திக் காட்டு. ஒரே ஒரு கோப்பை. நான் குடிக்கிறேன்.

அபூ மிஷால்


ஸர்க்கா
பிப்ரவரி 26

சாச்சா,

உங்கள் கடிதத்தை நேற்று இரவே அத்தாவின் காதருகில் படித்தேன். "வழி தெறந்தாச்சு" என்ற இடத்தில் அவர் கண்ணை மூடினார். கேட்டுவிட்டு மூடினாரா, கேட்காமலே மூடினாரா, தெரியவில்லை. பிறகு திறக்கவே இல்லை, இன்னா லில்லாஹி. குளிப்பாட்டியாகிவிட்டது. ஷேக்கின் பையன் இதை வாங்கிக்கொண்டு காரில் முன்னால் வருகிறான், அத்தாவைப் பின்னால் வண்டியில் கொண்டு வருகிறோம், அதனால் இந்தக் கடிதம் அவருக்கு முன்னால் உங்களிடம் வந்துவிடும். அவருடைய செருப்பை எடுத்துக்கொண்டிருக்கிறேன், ஏன் என்று தெரியவில்லை.

நீங்கள் சொன்ன வழக்கம் எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து தெரியும். அத்தாவின் மூச்சுச் சத்தம் கேட்கிற அறையில் உட்கார்ந்துதான், வேரோடு பிடுங்கச் சொன்ன உங்கள் கடிதத்தைப் படித்தேன், அப்போது அது நினைவுக்கு வரவில்லை.

உங்கள் வீட்டுக்கு வருகிறேன். வராமல் இருக்க மாட்டேன். ஆனால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், கூஜாவைக் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் என் முகத்தைப் பார்க்கும்போது சொல்ல எனக்குத் தைரியம் இருக்காது.

இன்று காலையிலிருந்து வெறுங் கூஜாவை வைத்துக்கொண்டு ஊற்றிப் பார்க்கிறேன். முழங்கை வருகிறது, கோழி றெக்கை போல, நீங்கள் எழுதியபடி. அதுவரைக்கும்தான் வருகிறது. மணிக்கட்டு உள்பக்கம் திரும்புமா, வெளிப்பக்கமா, கடைசிச் சொட்டு விழுந்ததும் கூஜாவை எப்படி நிமிர்த்துவான், எனக்குத் தெரியவில்லை. அவன் அங்கேயேதான் நின்றிருந்தான். நான் ஓட்டிப் பார்த்த ஒவ்வொரு முறையும், உங்கள் பக்கத்திலேயே, கூஜாவோடு. ஒரு தடவைகூட அவனைப் பார்க்கவில்லை, சாச்சா. உங்கள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

லுவை